பறவை தெரியும், ஊர் தெரியுமா?

வேடந்தாங்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பறவைகள்தானே! "பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள்", "கல்யாணமான புதிதில் போய் வந்தோம்" என்று நம் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். கரையில் நடந்து, கோபுரத்தில் ஏறி நாரையைப் பார்த்து, குழந்தைகளுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். ஏரிக்கரையை ஒட்டி ஒரு விவசாய ஊர் இருக்கிறதே, அதைத் திரும்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இந்த முறை அந்த ஊரைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

நம் ஊரப்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே சென்றால் சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு தாண்டிப் படாளம் வரும். அங்கே வலப்பக்கம் திரும்பினால் வயல்களுக்கு நடுவே பாதை. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான். மதுராந்தகம் தாலுகாவைச் சேர்ந்த சின்ன ஊர். நெல்தான் பிரதானம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நம் செங்கல்பட்டுச் சீமைக்கே உரிய மூன்று பட்டங்கள். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில்.

ஊர்ப் பெயரையே பாருங்களேன். வேடர்கள் இருந்த இடம் என்கிறார்கள். 'தாங்கல்' என்றால் நம் பக்கத்தில் பாசனத்துக்கான சிறிய ஏரி என்றும் பொருள் உண்டு. வேடன் பெயரைச் சுமந்த ஊர், பறவைக்குக் காவலாக இருக்கிறது!

இந்தக் காவல் இன்று நேற்று வந்ததல்ல. கும்பினியார் காலத்தில், வெள்ளைக்கார சிப்பாய்கள் இந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்களாம். ஊர் ஜனங்கள் பொறுக்கவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். சரணாலயம் என்ற அங்கீகாரம் 1936-ல் வந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் பெருமை 2022-ல் வந்தது. சர்க்கார் முத்திரைகள் விழுவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஊர் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது.

"அவர்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை? வெறும் ஜீவகாருண்யமா?" என்று கேட்கிறீர்களா? இரக்கம் உண்டு, கணக்கும் உண்டு. ஏரியின் பரப்பு சுமார் 74 ஏக்கர். அதன் நடுவே தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. காலையில் கிளம்பிச் சுற்றுப்புறத்து வயல்களிலும் குட்டைகளிலும் நத்தை, நண்டு, மீன், பூச்சி என்று பிடித்துத் தின்கின்றன. திரும்பி வந்து மரத்தில் தங்குகின்றன. அவற்றின் எச்சம் ஏரியில் விழுகிறது. நாலாபக்கத்துச் சத்தும் இந்த ஒரே ஏரியில் வந்து சேர்கிறது, பாருங்கள்! தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர்தான் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. வீட்டு ரோஜாச் செடிக்குக் கோழி எரு கரைத்து ஊற்றுகிறோமே, அதே சமாசாரம்தான். வண்டி கட்டாமல், காசு கொடுக்காமல் உரம் வந்து சேருகிறது. பயிர் செழிப்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் பறவையை விரட்டுவார்களா?

இன்னொரு விஷயம். கூடு கட்டுகிற பறவைகள் எல்லாம் கடல் கடந்து வருகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன், வக்கா, பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டிலேயே காலம் முழுவதும் இருக்கிறவை. ஊசிவால் வாத்து போன்ற வெளிநாட்டு விருந்தாளிகள் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போய்விடும்; இங்கே கூடு கட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் நம் நாட்டுப் பறவைகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்களைப் போல வந்து சேருகின்றன. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் பூனையும் நரியும் கூட்டை அண்டாது. மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருஷத்தில் அவை கூடு கட்டாமல் வேறிடம் தேடிப் போய்விடும்.

தாய்வீடு என்றால் சீராட்ட வேண்டுமே! இந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகள் வந்து இறங்குகிற சமயம் பார்த்துத்தான் தீபாவளியும் வருகிறது. எண்ணெய்க் குளியல் உண்டு, புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு. வெடி மட்டும் கிடையாது. ஒரு மத்தாப்புப் பெட்டிக்காக நம் பிள்ளைகள் தரையில் புரண்டு அழுவதை நினைத்துப் பார்த்தால், அங்குள்ள தாய்மார்கள் எத்தனை தீபாவளிகளில் எத்தனை பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

இப்படிக் காக்கிற ஊர்கள் வேறும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்து ஜனங்களும் பறவைக்காகப் பட்டாசைத் துறந்தவர்கள். கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்தும் விடுகிறார்கள். தூர தேசத்தில், ஜாவாத் தீவின் யோக்யகர்த்தாவுக்குப் பக்கத்தில் கெட்டிங்கன் என்று ஒரு விவசாயக் கிராமம். அங்கும் ஊர் மரங்களில் கொக்குகள் கூட்டமாகத் தங்குகின்றன, ஊரார் காப்பாற்றுகிறார்கள். பாஷை வேறு, மதம் வேறு. நெல் விளைகிற ஊரின் மனசு ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? சொல்கிறேன். நம் ஊரப்பாக்கமும் ஏரிப் பாசனத்து ஊராக இருந்ததுதான். சுற்றிலும் ஆதனூர், மண்ணிவாக்கம், நெடுங்குன்றம் எல்லாம் ஏரி உள்ள ஊர்கள். ஏரிக்குக் கீழே வயல் இருந்தவரை கரை உடைந்தால் தூக்கம் வராது. வாய்க்கால் தூர்ந்தால் மண்வெட்டியுடன் ஆள் போவார். வயல் மனையானது. ஏரியை நம்பிச் சாப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள்; காவலும் போயிற்று. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில்தான் அடையாறு பிறக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து, படகில் மனிதர்களை மீட்டதை மறக்க முடியுமா? அன்று கொட்டிய மழை சாமானியமல்ல, உண்மைதான். ஆனால் தண்ணீர் போக வேண்டிய வழியில் நாம் குடியிருந்ததும் உண்மை.

வேடந்தாங்கலுக்கும் ஆபத்து வராமல் இல்லை. 2020-ல் சரணாலயத்தைச் சுற்றியுள்ள பாதுகாப்பு எல்லையைக் குறைக்கும் யோசனை வந்தபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியது. ஏரியை மட்டும் வேலி போட்டுக் காத்தால் போதாது. பறவை இரை தேடுவது சுற்றுவட்டாரத்து வயலில். வயல் போனால் இரை போகும். விவசாயி போனால் ஏரியின் காவலாளி போவார். நாளைக்கு வேடந்தாங்கலிலும் ஏரியை நம்பிப் பிழைப்பவர்கள் இல்லாமல் போனால், ஏரியும் வெறும் வேடிக்கைப் பொருளாகிவிடும்.

நாம் என்ன செய்யலாம்? நவம்பர் முதல் மார்ச்சுக்குள் குழந்தைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். அதிகாலையோ சாயங்காலமோ நல்லது. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுத்த வேண்டாம், சத்தம் வேண்டாம், கொண்டு போன பிளாஸ்டிக் பை நம்மோடு திரும்பட்டும். பறவையைப் பார்த்த பிறகு மதகையும் வாய்க்காலையும் வயலையும் காட்டுங்கள். "சோறு இங்கேயிருந்துதான் வருது, கண்ணு" என்று சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் நம் தெருக்கோடி ஏரியையும் ஒரு பார்வை பாருங்கள். வீட்டுக் குப்பையும் கட்டிட இடிபாடும் அதில் விழாமல் பார்த்துக்கொள்வது நம்மால் ஆகாத காரியமா? ஊராட்சியில் குடியிருக்கும் சகோதரிகள் அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகலாம். "எங்கள் ஏரியின் வரத்துக்கால் எங்கே? போக்குக்கால் எங்கே?" என்று எழுந்து நின்று கேட்கலாம். 1798-ல் ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாத ஊர் ஜனங்கள் கும்பினிக் கலெக்டரிடமே போய்க் கேட்டார்களே! நமக்கென்ன தயக்கம்?