புழுவின் தோலில் ஒரு பௌதிகப் பாடம்

"உயிரியல் வேண்டாம் ஸார், வெறும் மனப்பாடம்" என்று பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்கள் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. "கணக்கு வராது, அதனால் பௌதிகம் வேண்டாம்" என்பவர்களும் உண்டு. இரு கட்சியாருக்கும் ஒரு புழுவை அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

கடற்கரையின் ஈரமணலில், மணல் துகள்களுக்கு இடையே நூற்புழுக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளத்திற்கு மேற்படா. படம் வரையும்போது அவற்றின் தோலை ஒரே கோடாகப் போட்டுவிடுகிறோம். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தக் கோடு பல அடுக்குகளாக விரிகிறது. அதன் முக்கியப் பொருள் கொலாஜன் என்னும் புரதம். பல இனங்களில் மேற்புறம் முழுவதும் வளைய வரிகள். சிலவற்றில் வரிசையாக நுண்புள்ளிகள். சாதாரண நுண்ணோக்கி இவற்றை ஏன் முழுமையாகக் காட்டவில்லை? ஒளி ஓர் அலை. சுமார் 0.2 மைக்ரானைவிட நெருங்கிய இரு புள்ளிகளை அது பிரித்துக் காட்டாது. 1873-இல் எர்ன்ஸ்ட் அபே கண்ட எல்லை இது.

இந்தத் தோல் செய்யும் வேலை இன்னும் வியப்பானது. புழுவுக்கு எலும்பு இல்லை; உடலைச் சுற்றி நெருக்கும் வளையத் தசையும் இல்லை. நீளவாக்குத் தசை சுருங்கினால் உடல் குறுகும். பிறகு அதை நீட்டுவது எது?

இந்தக் கேள்விக்கு, நூற்புழுக்களின் பெரிய உறவினரான குடல் உருளைப்புழுவிடம் விடை கிடைத்தது. 1957-இல் ஹாரிஸ், கிராஃப்டன் என்னும் இருவர் அதன் உடல் திரவத்தின் அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி 70 மி.மீ. பாதரசம்! அதன் தோலில் எளிதில் நீளாத இழைகள் இடம்புரியாகவும் வலம்புரியாகவும் உடலைச் சுற்றிப் பின்னியுள்ளன. உடலின் அச்சுக்கு அவை சுமார் 75 பாகை சாய்ந்திருக்கின்றன. தசை இழுக்கும்போது இந்தப் பின்னல் உடலை வேண்டிய அளவு பருக்க விடுவதில்லை. திரவமோ அமுங்காது. எனவே அழுத்தம் ஏறுகிறது. தசை தளர்ந்ததும் அதுவே உடலை நீட்டிவிடுகிறது. எலும்பு செய்ய வேண்டிய வேலையைத் தோலும் திரவமும் சேர்ந்து செய்கின்றன.

இதில் விலங்கியல் எங்கே முடிகிறது, பௌதிகம் எங்கே தொடங்குகிறது? பாடவேளைக்கு மணி அடித்து இரண்டையும் பிரித்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தாம். அந்தப் பிரிவினையை நீங்கள் மனத்துக்குள்ளும் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். எந்தப் பிரிவை எடுத்தாலும் சரி. விலங்கியல் வகுப்பில், "இங்கே என்ன விசை வேலை செய்கிறது?" என்று கேளுங்கள். பௌதிக வகுப்பில், "இது எந்த உயிரில் இருக்கிறது?" என்று கேளுங்கள். விடை தெரியாமல் ஆசிரியர் விழித்தால், இருவருமாகத் தேடுங்கள்.