ஒரே வண்டி இருந்தால் போதுமா?

அலிப்பூர் வளாகத்திலிருந்து மாலையில் நடக்கப் புறப்பட்டால், தேசிய நூலகத்தையும் விலங்குக் காட்சிசாலையையும் கடந்து, ஆதி கங்கைப் பாலம் ஏறி, குதிரைப் பந்தயத் திடலருகே போய் நிற்கலாம். அத்திடலில் பல பந்தயங்களில் ஒரு வழக்கம் உண்டு. பலமுறை வென்ற குதிரையின் முதுகில் எடை கூட்டுவர். தோற்ற குதிரைக்கு எடை குறைப்பர். திறமையின் தலையில் சுமையை ஏற்றிச் சமநிலை காண்பது அது.

மோட்டார்ப் பந்தயத்தில் சமநிலை காண வேறொரு வழி உண்டு. ஓடுகிறவர் அனைவருக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை வண்டி, ஒரே எஞ்சின், ஒரே டயர். எஞ்சினுக்கு முத்திரை இடப்படுவதும் உண்டு; எவரும் திறந்து கைவைக்க முடியாது. இங்கே திறமைக்குச் சுமை இல்லை. பணம் கொடுத்து வாங்கும் வேகத்துக்கு மட்டுமே தடை. தோற்றவன் வண்டியைப் பழிக்க முடியாது. வென்றவனை எவரும் ஐயுற முடியாது. ஒரே வினாத்தாளை வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு போன்றது இது!

இளைஞர் முதற்படி வைப்பதற்கு இதுவே ஏற்ற பந்தயம் என்பதை உலகம் உணர்ந்திருக்கிறது. பிரிட்டனில் ஜினெட்டா ஜூனியர் என்னும் போட்டியில் 14 முதல் 17 வயது வரையுள்ளோர் ஒரே வகை ஸ்போர்ட்ஸ் கார்களில் ஓடுகின்றனர். 2014-இல் அதில் மூன்றாம் இடம் பெற்ற லாண்டோ நாரிஸ் என்ற சிறுவன், பத்தே ஆண்டுகளில் ஃபார்முலா 1 பந்தயத்தில் வெற்றி பெற்றான்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் கோவையிலேயே இக்கருத்துக்குக் கைகால் முளைத்தது. 1988-இல் கரிவரதன் என்பார் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை அமைத்தார். அதற்கு ‘ஃபார்முலா மாருதி’ என்று பெயர். அதன் எஞ்சின் எங்கிருந்து வந்தது? சீமையிலிருந்தா? அன்று, வீட்டுக்கு வீடு வாங்கிக்கொண்டிருந்த மாருதி 800 காரிலிருந்து! தெருமுனை மெக்கானிக்குக்கும் தெரிந்த எஞ்சின். எங்கும் கிடைக்கும் உதிரிப்பாகம். அந்த வண்டியில் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓடிய முதல் இந்தியரானார். 2010-இல் அங்கு சென்ற சென்னையின் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் ஓடியவரே. கரிவரதன் இதையெல்லாம் காணவில்லை. 1995-இல் விமான விபத்தில் மறைந்துவிட்டார். கோவையின் ‘காரி’ பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அவர் செய்தது இரண்டு வேலை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். வண்டியைச் சமமாக்கினார், அத்துடன் மலிவாகவும் ஆக்கினார். இந்த இரண்டாவது வேலையைத்தான் இன்று நாம் மறந்துவருகிறோம் என்பது என் எண்ணம்.

2022-இல் தொடங்கிய இந்தியன் ரேசிங் லீகிலும் எல்லா அணிகளுக்கும் ஒரே வகைக் கார்தான். ஆனால் அது இத்தாலிய நாட்டு வுல்ஃப் கார். இந்திய ஃபார்முலா 4 போட்டியின் காரோ பிரெஞ்சு நாட்டது. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர்த் தெருத்தடத்தில் இவை இரவில் ஓடியதைக் கண்டு நாம் பெருமைப்பட்டோம். தவறில்லை. ஆயினும் அந்த இருக்கையில் ஏற எத்தனை வீட்டுப் பிள்ளைகளால் முடியும்? உள்ளே எல்லார்க்கும் ஒரே வினாத்தாள், வாயிலிலோ பணக்காவல்! தேர்வுக் கட்டணம் கட்டமுடியாதவனுக்கு வினாத்தாளின் நேர்மையால் என்ன பயன்?

விடுதியில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார். “அது பணக்காரர் விளையாட்டு ஐயா! நமக்கேன் அந்தக் கவலை?” என்றார். மறுக்கிறேன். எந்த விளையாட்டும் பிறக்கும்போதே பணக்காரரது ஆகிவிடுவதில்லை; விதிகள்தாம் அதை அப்படி ஆக்குகின்றன. விதியால் ஆனதை விதியால் மாற்றலாம். இந்தியன் ரேசிங் லீகில் ஒவ்வோர் அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் இருக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். பெண்கள் ஓடினார்கள்! வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. ஒரு விதியால் பெண்ணுக்கு இடம் வந்ததென்றால், இன்னொரு விதியால் ஏழை மாணவனுக்கும் மாணவிக்கும் இடம் வராதா?

2024-இல் கல்கத்தாவின் பெயரிலும் ஓர் அணி அந்த லீகில் ஓடிற்று. அதன் உரிமையாளர், நம் வளாகத்துக்கு அண்டையிலுள்ள பெஹாலாவின் மைந்தர் சௌரவ் கங்குலி. பந்தயங்கள் நடந்தனவோ சென்னையிலும் கோவையிலும். கல்கத்தாவுக்குப் பெயர், தமிழ்நாட்டுக்குத் தடம். இவ்விரு மண்ணுக்கும் உறவான நாம் இதில் வாய்திறக்க உரிமையுடையோம் அல்லவா?

நான் கேட்பது பெரிதன்று. ஊர்ப்பெயர் சூடும் ஒவ்வோர் அணியும் அந்த ஊர்க் கல்லூரிகளில் ஆண்டுக்கொருமுறை பொதுத் தேர்வோட்டம் நடத்தட்டும். அனைவரும் ஒரே வண்டியில் ஓடட்டும். கடிகாரம் தீர்ப்புச் சொல்லட்டும். முதல்வருக்கு ஓராண்டு இருக்கை கட்டணமின்றிக் கிடைக்கட்டும். மற்றவர் பழக, கரிவரதன் காட்டிய வழியில், உள்நாட்டு எஞ்சின் பூட்டிய மலிவான வண்டிகள் பெருகட்டும். நம் பொறியியல் மாணவர்கள் அவற்றைக் கட்டுவதில் பங்கு பெறட்டும். நம் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிய விரும்புகிறேன். வழிமொழிய வருவோர் யார்?

ஒரே வண்டி என்பது பாதிச் சமத்துவம். அந்த வண்டியின் கதவு எல்லார்க்கும் திறக்கும் நாளில்தான் அது முழுமை பெறும்.