சந்தா நம்முடையது, நாற்காலி யாருடையது?

ரயில்வேயில் தொழிற்சங்க அங்கீகாரத் தேர்தல் 2024 டிசம்பர் 4, 5, 6 தேதிகளில் நடந்தது. கடைசி நாள் அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள். நான் பார்த்த இடத்தில் அவர் படத்துக்கு மாலை போட்ட தலைவர்கள், போட்ட கையோடு வாக்குச்சாவடி வாசலில் வந்து கும்பிட்டு நின்றார்கள். மாலை போட்டதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. ரயில்வே தொழிலாளிகளுக்கு அவர் சொன்னது என்ன, அதில் எதைச் செய்தீர்கள் என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. அதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

மாணவத் தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இந்த ரகசிய வாக்கெடுப்பு முதலில் 2007இல் நடந்தது. பிறகு 2013. அதற்கடுத்தது 11 வருஷம் கழித்துத்தான். பதிவான வாக்கில் 35 சதம் அல்லது மொத்த வாக்காளர்களில் 30 சதம் வாங்கும் சங்கத்துக்கு அங்கீகாரம். அங்கீகாரம் என்றால் நிர்வாகத்தோடு மேஜையில் உட்கார்ந்து பேசும் உரிமை. 1952இலிருந்து இருக்கிற பி.என்.எம். என்ற நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பில் நுழைய அதுதான் சாவி. நம் ஆள் அந்த மேஜையில் இல்லையென்றால் நம் பிரச்சினையும் அங்கே இருக்காது.

தேர்தல் வந்தால் கேங் ஆட்களைத் தேடி தண்டவாளத்துக்கே வருகிறார்கள். 'என்னப்பா, நம்ம சங்கத்தை மறந்துராத' என்று தோளில் கை போடுகிறார்கள். எங்கப்பா கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே ரிட்டயர் ஆனவர். மாசம் தவறாமல் சந்தா கட்டினார். ஒருமுறை மெமோ வந்தபோது சங்க ஆபீசுக்குப் போய் நின்றார். 'பாத்துக்கலாம் போ' என்றார்கள். கடைசிவரை யாரும் பார்க்கவில்லை. எங்கப்பா ஒருத்தர் கதையா இது? கேங் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும்.

1938 பிப்ரவரி 12, 13 தேதிகளில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகள் உழைக்கும் மக்களுக்கு உண்டு என்றார். இதைச் சுவரில் எழுதுகிறவர்கள் மிச்சத்தைச் சொல்வதில்லை. தீண்டப்படாதவர் கேங்மேனாகவே வாழ்நாளைக் கழிக்கிறார் என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் போர்ட்டர்தான் செய்யவேண்டும், தீண்டப்படாதவர் அந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது, அதனால் போர்ட்டர் வேலைகூட அவருக்குக் கிடைப்பதில்லை என்று காட்டினார். 2017இல் என்ன நடந்தது? அதிகாரிகள் வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சுமார் 30,000 டிராக்மேன்கள் பணிக்குத் திரும்பவேண்டும் என்று உத்தரவு போனதாகச் செய்தி வந்தது. அன்று வீட்டுக்குள் நுழையக்கூடாது. இன்று அந்த வீட்டைப் பெருக்கவேண்டும். இத்தனை காலமும் பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள்?

அதே மாநாட்டில் அவர் ஒரு வழியும் சொன்னார். வேறு சங்கத்தில் சேர்வதானால் இரண்டு நிபந்தனை போடுங்கள் என்றார். ஒன்று, நிர்வாகக் குழுவில் தனிப் பிரதிநிதித்துவம். இரண்டு, நம் சந்தாவில் ஒரு பங்கை நமக்கென ஒதுக்கவேண்டும். சங்கம் கைவிடும் வழக்குகளை அதைக்கொண்டு நம் பிரதிநிதி நடத்துவார். தொழிற்சங்கத்தை முதலாளி கட்டாயம் அங்கீகரிக்கவேண்டும் என்ற மசோதாவை 1943 நவம்பரில் மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவரும், அப்போது தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர்தான். சங்கம் வேண்டாம் என்றவரில்லை அவர். சங்கத்துக்குள் நம் இடம் எங்கே என்று கேட்டவர்.

இதைக் கேட்டால் உடனே பதில் வரும்: 'தோழர், வர்க்க ஒற்றுமையைக் குலைக்காதீங்க.' 1928 பம்பாய் மில் வேலைநிறுத்தத்திலும் இதே பேச்சு இருந்தது. கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவருக்கு இடமில்லை. நூலை வாயில் வைக்கவேண்டும், தீட்டாகிவிடும் என்றார்கள். அப்படிச் சொன்னது முதலாளி மட்டுமல்ல, கூட வேலை செய்த தொழிலாளியும்தான். அந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேர்க்கச் சொல்லி அம்பேத்கர் தலைவர்களை நெருக்கினார். ஒற்றுமையைக் குலைத்தது தடை போட்டவர்களா, தடையைச் சுட்டிக்காட்டியவரா?

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டேஷனையும் ரயில் பெட்டியையும் சுத்தம் செய்யும் வேலை பெருமளவு கான்டிராக்டுக்குப் போய்விட்டது. அந்த வேலையில் நம் சனம் அதிகம், பெண்கள் அதிகம். அங்கீகாரத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு இல்லாதவர்களைத் தேடி எந்தத் தலைவரும் வரமாட்டார். ஆகவே ஓட்டு இருக்கிற நாம்தான் அவர்களுக்கும் சேர்த்துப் பேசவேண்டும்.

ரயில்வே மட்டுமல்ல, மின்வாரியம், போக்குவரத்து, வங்கி என எங்கே சங்கத் தலைமைக்குப் போட்டி நடந்தாலும் ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் கேட்போம். செயலாளர், பொருளாளர் பொறுப்புகளில் எத்தனை தலித்துகள்? சும்மா ஒரு துணைத்தலைவர் பதவியைக் காட்டவேண்டாம். சந்தாவில் நம் வழக்குகளுக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள்? கான்டிராக்ட் துப்புரவுத் தொழிலாளிகளின் கூலியும் வேலைப் பாதுகாப்பும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் எத்தனாவது? பதிலை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்வோம்.

மாணவத் தோழர்கள் இந்தக் கேள்விகளை நோட்டீஸாக அடித்து கேங் குவார்ட்டர்ஸ்களுக்கும் டெப்போக்களுக்கும் கொண்டுபோகவேண்டும். படித்துக் காட்டவேண்டும். நம் ஆட்களே வேட்பாளராக நிற்கவும் துணை நிற்கவேண்டும். அடுத்த தேர்தல் எப்போது வரும் என்று காத்திருக்கவேண்டாம். சந்தா மாசாமாசம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கேள்வியும் மாசாமாசம் போகட்டும்.