கணக்கு எழுத எட்டு மூளை எதுக்கு?



எங்க அம்மாதான் மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுறாங்க. குழுக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒரே நோட்டில் கலந்து கிடக்கும். (அது தப்புன்னு அவங்களுக்கும் தெரியும்.) போன மாசம் அக்கா, "ஒரு கம்ப்யூட்டர் வாங்கும்மா, எல்லாத்தையும் நான் ஏத்தித் தர்றேன்" என்றாள். திண்டிவனத்தில் ஒரு கடைக்குப் போனோம். "கணக்கு சாப்ட்வேர் ஓடணும்னா எட்டு கோர் வேணும்மா, இல்லன்னா திணறும்" என்றார் கடைக்காரர். விலையைக் கேட்டதும் அம்மாவின் கை தானா காதுக்குப் போச்சு. கம்மலை அடகு வைக்கலாமான்னு யோசனை!

எனக்கு மனசு கேக்கல. விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாமாவிடம் விசாரித்தேன்.

கோர் என்பது பிராசசருக்குள் இருக்கும் தனித்தனி மூளை மாதிரி. 2005-ஆம் வருஷம் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டு கம்பெனியும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இரண்டு கோர் பிராசசர் கொண்டு வந்தன. இப்போ செல்போனிலேயே எட்டு கோர் வருது. ஆனா கோர் கூடினா எல்லா வேலையும் வேகமாகுமா? ஆகாது என்பதுதான் என் கருத்து.

ஒரு மூட்டை மல்லாட்டையை நாலு பேர் உட்கார்ந்து உடைச்சா சீக்கிரம் முடியும். ஆளுக்கு ஒரு படி பிரிச்சுக்கலாம். இருப்புக் கணக்கு அப்படி இல்ல. நேத்து இருப்பு தெரிஞ்சாதான் இன்னிக்கு இருப்பு எழுத முடியும். ஒரே நோட்டில் நாலு பேர் பேனா வைச்சா கிறுக்கல்தான் மிஞ்சும். ஜீன் ஆம்டால் என்ற விஞ்ஞானி 1967-லேயே இதைச் சொல்லியிருக்கார். ஒரு வேலையில் பாதியைப் பிரிக்க முடியாதுன்னா, எத்தனை கோர் போட்டாலும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது.

சில சாப்ட்வேர் பிரிச்சுச் செய்யும், மறுக்கல. எக்செல் 2007-லிருந்து பல கோர்களில் கணக்குப் போடுது. ஆனா நம்ம கணக்கு எவ்வளவு? ஒரு நாளைக்குப் பத்து வரின்னு வைச்சாலும் வருஷத்துக்கு 3,650 வரிதான். இரண்டு கிகாஹெர்ட்ஸ் கோர் ஒண்ணு ஒரு நொடியில் 200 கோடி தடவை துடிக்குது. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கூட்டி முடிச்சிடும். மாமா தன் பழைய இரண்டு கோர் கம்ப்யூட்டரில் 'க்னூகேஷ்' என்ற இலவசக் கணக்கு சாப்ட்வேரை ஓட்டிக் காட்டினார். கணக்கு எழுதுற நேரம் முழுக்க இரண்டு கோரும் சும்மாதான் கிடந்தன. நாம டைப் அடிக்கிறதுக்காக அதுங்க காத்துக்கிட்டு இருக்கு!

இரண்டாவது கோர் வீண் இல்ல. பின்னாடி வைரஸ் தேடுறது, இன்டர்நெட் பக்கம் திறக்கிறது எல்லாம் ஓடும்போது கணக்கு நிக்காம இருக்க அது உதவும். திறக்க நேரமாகுதுன்னா, பெரும்பாலும் குற்றம் பழைய ஹார்ட் டிஸ்க் மேல, இல்லன்னா குறைஞ்ச ராம் மேல என்கிறார் மாமா. எஸ்.எஸ்.டி. போட்டா அந்தக் குறை தீரும். கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைக்கணும். எட்டு கோர் இருந்தாலும் டிஸ்க் போனா கணக்கும் போச்சு.

இதையெல்லாம் சொன்னதும் அக்காவுக்குக் கோபம். "உனக்கு என்னடி தெரியும், நாளைக்கு வீடியோ எடிட்டிங் பண்ண வேணாமா?" என்றாள். அதுக்குக் கோர் வேணும்தான். அப்போ அதைச் சொல்லி வாங்கட்டும், அம்மா கணக்கு மேல பழி போட வேணாம்.

வர்ற சனிக்கிழமை மறுபடியும் திண்டிவனம் போறோம். இரண்டு கோரும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பழைய மெஷின் கிடைக்குமான்னு கேக்கப் போறேன். அம்மா காதில் கம்மல் இன்னும் இருக்கு.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி