மீயொலி நீரளவுக் கருவியும் அதன் உணர்வியும்

வாய்க்கால் நீரை அளந்து பங்கிடுவதற்கு மீயொலிக் கருவிகளை அமைக்கும் வழக்கம் பரவி வருகிறது. செவிக்கு எட்டாத ஒலியை, பெரும்பாலும் வினாடிக்கு 40,000 அதிர்வு வீதம், மேலிருந்து நீரின்மீது செலுத்தி, எதிரொலி திரும்பும் காலத்தைக்கொண்டு நீர்மட்டத்தை அக்கருவி கூறுகிறது. நீரைத் தொடாமலே அளப்பதால் சேறும் பாசியும் அதனை அண்டுவதில்லை. இது மெச்சத்தக்கதே. ஆயினும் வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்னும் எண்ணம் கூடாதென்பது நமது அபிப்பிராயம்.

ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரண்டு உணர்விகளும் ஒன்றுபோல் கேட்பனவல்ல. ஒன்று மற்றொன்றைக் காட்டிலும் இருமடங்கு கூர்மையாயிருப்பதும் உண்டு. எதிரொலியோ அதிர்வுக்கு அதிர்வு வலுப்பெற்றே உச்சத்தை அடைகிறது. மின்னணுச் சுற்றில் குறித்த வரம்பை அது தாண்டும் கணமே வந்த காலமாகக் கொள்ளப்படும். மந்தமான உணர்வியில் மூன்று அதிர்வு தாமதித்தால் நீர்மட்டம் சுமார் 13 மில்லிமீட்டர் தாழ்ந்ததாகக் காட்டும்.

இஃது அற்பமன்று. அளவுச் சுவரின்மேல் 10 சென்டிமீட்டர் உயரம் வழியும் நீரைக் கருவி 8.7 என்று காட்டினால், 100 பங்கு பாய, 81 பங்கே கணக்கில் ஏறும். மந்த உணர்வி வாய்த்த மடைக்காரருக்கு லாபம். கடைமடைக்காரர் பயிர் காயும். வழக்கு கிராம அதிகாரியிடம் வரும். அவரோ யந்திரம் பொய் சொல்லாதென நம்பியிருப்பவர்.

எல்லாவற்றிற்கும் பெருக்கத்தை மிகுதியாக வைத்துவிடலாமே எனச் சிலர் கூறுவர். அப்போது கூரிய உணர்வி கரைப்புல்லின் எதிரொலியையும், தன் அதிர்வின் மிச்சத்தையுமே நீரென்று கொள்ளும். 1 மீட்டர் தூரத்தில் சமமான பலகையொன்றை வைத்து, எதிரொலி குறித்த வலுவை எட்டும்வரை, அந்தந்த உணர்விக்கேற்பப் பெருக்கத்தைத் திருத்துவதே முறை. வரம்பையும் நிலையாக வையாமல், அவ்வப்போது வரும் எதிரொலியின் உச்சத்தில் பாதியென அமைத்தல் மேலானது. வெப்பத்தால் ஒலியின் வேகம் மாறுவதற்கு நல்ல கருவிகளில் வெப்பமானி உண்டு. அதனை விற்போர் தாமே புகழ்ந்துரைப்பர். உணர்வியின் கூர்மையைப் பற்றி நாம் கேட்டாலன்றிப் பேசார்.

ஆகவே வாங்குவோர் உடன்படிக்கையிலேயே இதனை எழுதி வாங்குக. பழுதான உணர்வியை மாற்றும்போதும் இத்திருத்தம் செய்யப்படாமல் கருவியை ஒப்புக்கொள்ளலாகாது. மதகருகே கல்லில் அளவுகோல் பதித்து, நீர்முறை தொடங்குமுன் பாத்தியஸ்தர் இருவர் முன்னிலையில் கருவியை அதனோடு ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் பதிவதைக் கிராம அதிகாரிகள் தம் பொறுப்பாகக் கொள்ள வேண்டும்.