முதலிடமா, தரமா?
சிற்றுருவ வண்ணப் போட்டிகளின் நடுவுநிலை குறித்து ஒரு கருத்து

பெரியனவற்றைக் கண்டு வியத்தல் உலக இயல்பு. சிறியனவற்றைக் கண்டு வியப்பதற்குப் பொறுமையும் கூர்த்த பார்வையும் வேண்டும். மேனாடுகளில் மினியேச்சர் என வழங்கும் சிற்றுருவங்களுக்கு வண்ணந் தீட்டுங் கலை அத்தகைய பார்வையை வேண்டி நிற்பது. உலோகக் கலவையிலேனும், பிளாஸ்டிக்கிலேனும், ரெசின் என்னும் செயற்கைப் பிசினிலேனும் வார்த்தெடுத்த வீரர், குதிரை, பூதம் முதலிய உருவங்களுக்கு மயிரிழை போன்ற தூரிகை நுனியால் உயிர் கொடுப்போர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிகப் பலர். விளையாட்டு மேசைக்கென ஆக்கப்படும் உருவங்கள் பெரும்பாலும் 28 முதல் 32 மில்லிமீட்டர் உயரமுடையன. காட்சிக்கென ஆக்கப்படுவனவற்றுள் 54, 75 மில்லிமீட்டர் அளவின மிகுதி. 28 மில்லிமீட்டர் உருவமொன்றின் தலை, நம் வீட்டு அடுக்களையிலுள்ள உளுந்து மணியினும் சிறிதே பெரிதாகலாம்; அவ்வளவே. அந்த அளவினுள் புருவச் சுளிப்பையும், கன்னத்தின் சிவப்பையும், கண்மணியையும் காட்டுவதென்றால், மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்னும் பழமொழி இங்கன்றி வேறெங்குப் பொருந்தும்?

இக்கலை சிறுவர் விளையாட்டினின்று கிளைத்தது. 1893ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் என்பார் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கும் முறையைக் கண்டார். அதனால் பொம்மைச் சிப்பாய் மலிந்து எளியவர் வீட்டுக்கும் வந்தது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆசிரியர் அத்தகைய சிப்பாய்களைக் கொண்டு ஆடும் போர்விளையாட்டுக்கு விதி வகுத்து நூலொன்று வெளியிட்டார். 1935இல் பிரிட்டனில் மாதிரிச் சிப்பாய்க் கழகம் ஒன்று தோன்றியது. 1963இல் பிளாஸ்டிக் மாதிரிகள் செய்வோரின் பன்னாட்டுச் சங்கம் அந்நாட்டிலேயே நிறுவப்பெற்று, அடுத்த ஆண்டில் அமெரிக்காவிலும் கிளைத்தது. 1987இல் கேம்ஸ் வொர்க்ஷாப் என்னும் நிறுவனம் கோல்டன் டீமன், அஃதாவது பொற்பூதம், என்னும் பெயரால் வண்ணப் போட்டியைத் தொடங்கிற்று. இங்ஙனம் விளையாட்டு கலையாயிற்று. கலை போட்டிக்கு உரியதாயிற்று. போட்டி வந்தவுடன், 'யார் தீர்ப்பளிப்பது, எவ்வாறு தீர்ப்பளிப்பது?' என்னும் வழக்கும் உடன் வந்தது. அவ்வழக்கில் ஒரு பக்கம் நின்று சில சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்போட்டிகளில் இருவகைத் தீர்ப்புமுறைகள் உள. ஒன்றை இடமுறை என்றும், மற்றொன்றைத் தரமுறை என்றும் ஈண்டுக் குறிப்போம்.

இடமுறையாவது, ஒரு பிரிவில் வந்த படைப்புகளையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல், இரண்டு, மூன்று என மூவரைத் தேர்வது. கோல்டன் டீமன் போட்டி இம்முறையது. தனியுருவம், படைப்பிரிவு, ஊர்தி, பேருருவம், இருவர் பொரும் காட்சி எனப் பிரிவுகள் பல வகுக்கப்படும். படைப்போர் தம் உருவத்தைக் கொணர்ந்து பதிவு செய்து எண் பெறுவர். பெயர் வெளித் தெரியாது, எண் மட்டுமே விளங்க, உருவங்கள் கண்ணாடிப் பேழைகளில் வரிசையாக வைக்கப்படும். நடுவர்கள் முதற்சுற்றில் சிலவற்றைப் பிரித்தெடுத்து, அவற்றை மீண்டும் நுணுகி நோக்கி மூன்றைத் தேர்வர். பின்னர்ப் பொற்பரிசு பெற்றவற்றுள் தலைசிறந்த ஒன்றுக்கு 'ஸ்லேயர் ஸ்வோர்ட்' என்னும் மெய்யான நெடுவாள் ஒன்று பரிசாகும். அந்நிறுவனம் விற்கும் உருவங்களே இப்போட்டிக்கு உரியன என்பதும் விதி. அமெரிக்கப் பிளாஸ்டிக் மாதிரியாளர் சங்கமும் தன் நாடளாவிய போட்டியில் நெடுங்காலம் இடமுறையையே போற்றி வந்தது.

தரமுறையாவது, ஒவ்வொரு படைப்பையும் அயலிலுள்ள படைப்போடு ஒப்பிடாது, முன்னரே வகுத்துக்கொண்ட தரத்தோடு ஒப்பிடுவது. பொன்னுக்குரிய தரத்தை எட்டியது எத்துணையாயினும் அத்துணைக்கும் பொற்பதக்கம் உண்டு. எட்டியது ஒன்றுமில்லையெனின் ஒன்றுக்கும் இல்லை. சிகாகோ நகரில் இல்லினாய் மாநிலச் சிற்றுருவக் கழகத்தார் நடத்தும் காட்சி இம்முறைக்குப் பெயர்பெற்றது. மூன்றாண்டுக்கொருமுறை நாடு மாறி நடக்கும் உலக மாதிரிக் காட்சியும் இவ்வழியது. 2008இல் ஸ்பெயின் நாட்டு ஹிரோனாவிலும், 2011இல் சுவிட்சர்லாந்தின் மொன்ட்ரோவிலும், 2014இல் இத்தாலியின் ஸ்ட்ரேசாவிலும், 2017இல் சிகாகோவிலும் அது கூடியது. விற்பனைக்கு வந்த உருவத்தை மாற்றாது வண்ணம் மட்டும் தீட்டியோர்க்கு ஒரு பிரிவும், உருவத்தையே தாமாகச் செய்தோர்க்கும் மாற்றியமைத்தோர்க்கும் வேறொரு பிரிவும் அங்கு உண்டு. ஒருவர் ஒரு பிரிவில் வைத்தனவெல்லாம் ஒரே தொகுதியாகக் கொள்ளப்பட்டு, அவற்றுள் சிறந்ததைக் கருதிப் பதக்கம் ஒன்று அளிக்கப்படும்.

இவ்விரு முறைக்கும் உள்ள வேறுபாடு கல்லூரி மாணவர்க்குப் புதிதன்று. பல்கலைக்கழகத் தேர்வில் முதல் வகுப்பென்பது குறித்த மதிப்பெண்ணை எட்டிய எல்லார்க்கும் உரியது. பக்கத்திலிருந்து எழுதிய நண்பர் மிகச் சிறப்பாக எழுதினார் என்பதனால் நம் முதல் வகுப்பு பறிபோவதில்லை. தங்கப் பதக்கமோ ஒருவர்க்கே உரியது. இரண்டும் வேண்டத்தக்கனவே. ஆயினும் முதல் வகுப்பை ஒழித்துத் தங்கப் பதக்கத்தை மட்டும் வைத்துக்கொண்ட பல்கலைக்கழகம் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். மூவரொழிந்த ஏனையோரெல்லாம் தாம் கற்றது எவ்வளவு என்பதை அறியாமலே வீடு திரும்புவர். இடமுறை மட்டும் வழங்கும் போட்டியின் நிலை இதுவே.

அன்றியும் இடமுறையில் ஊழின் ஆட்சி பெரிது. ஓராண்டில் தனியுருவப் பிரிவில் பேராற்றல் வாய்ந்தோர் பதின்மர் கூடினால் எழுவர் வெறுங்கையராவர். அடுத்த ஆண்டில் ஆற்றல் குறைந்தோரே வந்தால் நடுத்தரப் படைப்பும் பொன் பெறும். எனவே அப்பொன் எத்தரத்தைக் குறிக்கிறதென்று எவராலும் சொல்ல இயலாது. இம்முறையினர்க்கே இதில் மனநிறைவு இல்லையென்பதற்கு அமெரிக்கச் சங்கத்தாரின் விதியொன்று சான்று: ஒருவரே ஒரு பிரிவின் மூன்று இடங்களையும் கவர்தல் ஆகாது என்பது அது. பிறர்க்கும் இடம் வேண்டுமென்னும் நல்லெண்ணத்தால் எழுந்த விதிதான். ஆயினும், மூன்றாவது சிறந்த படைப்பை மூன்றாவதென்று சொல்லாமல் விடும்போது, இடமுறை தன் கொள்கையைத் தானே தளர்த்திக்கொள்கிறதன்றோ?

தரமுறையை மறுப்போர் கூறுவன இரண்டு. பதக்கம் பலர்க்குக் கிடைப்பின் அதன் மதிப்புக் குன்றும் என்பது ஒன்று. தரம் என்பது நடுவர் மனத்தில் இருப்பதாகலின் ஆண்டுதோறும், ஆளுக்காள் வேறுபடும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை எளிது. பதக்கத்தின் மதிப்பு அதனைப் பெற்றோர் தொகையால் அமைவதன்று. அதனைப் பெறுதற்கு ஏறவேண்டிய உயரத்தால் அமைவது. உயரத்தைக் குறையாமல் காத்தால் மதிப்பும் குறையாது. இரண்டாவது வலிய தடையே. அதனை நாம் எளிதில் தள்ளிவிடல் ஆகாது. ஆயினும் அதற்கு மருந்து உண்டு. நடுவர் ஒருவராயிராது பலராயிருத்தல் வேண்டும். தீர்ப்புத் தொடங்குமுன் அனைவரும் சில உருவங்களை ஒருங்கே நோக்கி, இஃது எத்தரம், ஏன் என்று பேசித் தம் அளவுகோலை ஒருமைப்படுத்திக்கொள்ளல் வேண்டும். மேலும் மனவேறுபாடு என்னுங் குறை இடமுறையிலும் உள்ளதே. அங்கு அது மூன்று இடங்களின் பளபளப்பினுள் மறைந்து கிடக்கிறது.

நடுவரே வேண்டா, காண்போரே வாக்களிக்கட்டும் என்பாரும் உளர். இதனைப் பாதியளவு செய்து பார்த்த போட்டியும் உண்டு. 2011இல், அந்நாளில் சிகாகோவை அடுத்து நடைபெற்றுவந்த அடெப்டிகான் கூட்டத்தில் தொடங்கிச் சில ஆண்டுகள் நடந்த கிரிஸ்டல் பிரஷ் என்னும் போட்டியில், தலைப்பரிசு 10,000 டாலர். நடுவர் மதிப்பெண்ணோடு, இணையத்தில் புகைப்படங் கண்டு பொதுமக்கள் இட்ட வாக்கும் அங்குச் சேர்த்தெண்ணப்பட்டது. பலர் பங்குகொண்டு மகிழ்ந்தது நன்றே. ஆயினும் புகைப்படம் சிற்றுருவத்துக்கு உண்மைச் சான்றாகாது. கண்ணுக்குத் தோன்றாத தூரிகைக் கீற்றைப் படம் பெரிதாக்கிக் குற்றமாகக் காட்டும். உருவத்தின் பின்புறத்திலுள்ள பிழையை மறைத்துவிடும். உலோக வண்ணமின்றிச் சாதாரண வண்ணங்களாலேயே வாளின் மினுக்கத்தைத் தோற்றுவிக்கும் உத்தி ஒன்று உண்டு. அம்மினுக்கம் ஒரு கோணத்தில் நோக்கும்போது முழுமையாக விளங்கும். உருவத்தைத் திருப்பினால் வண்ணம் நின்ற இடத்திலேயே நிற்கும். மெய்யான உலோக வண்ணமோ திருப்பத் திருப்ப ஒளியை மாற்றிக் காட்டும். ஒற்றைப் படத்தைக் கண்டு வாக்களிப்போர்க்கு இவ்வேறுபாடு எங்ஙனம் புலனாகும்? அன்றியும், நண்பர் பலரை உடையவர் வாக்குப் பல பெறுவர். நட்பு நல்லதேயாயினும் அது வண்ணத்தின் திறமாகாது.

இனி, நடுவர் நோக்கவேண்டுவன யாவை? முதலாவது, ஆயத்தம். வார்ப்பில் எழும் கோடுகளைச் சுரண்டி நீக்கினாரா, உறுப்புகள் கூடும் இடைவெளியை நிரப்பினாரா என்பது. இரண்டாவது, வண்ணத்திறம். நிழலினின்று ஒளிக்குச் செல்லும் நிறமாற்றம் இழைந்துள்ளதா, தோலும் துணியும் இரும்பும் வெவ்வேறாகத் தோன்றுகின்றனவா, ஒளி ஒரே திசையினின்று வருகிறதா என்பது. மூன்றாவது, கருத்து. உருவமும் அது நிற்கும் பீடமும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியை நம் மனத்தில் எழுப்புகின்றனவா என்பது. முதலிரண்டிலும் குற்றமில்லாத உருவம் மூன்றாவதில் வெறுமையாயிருத்தல் கூடும். கருத்துச் செறிந்த உருவம் ஒரு வார்ப்புக் கோட்டினால் தோற்றலும் கூடும். குற்றங்களை எண்ணிக் கழித்துக்கொண்டே செல்லும் நடுவர் அச்சமுடைய கைகளையே வளர்ப்பார். துணிந்து முயன்றதன் அருமையையும் அவர் எண்ணிக் கூட்டல் வேண்டும்.

விதிகள் முன்னரே தெளிவாக அமைதலும் இன்றியமையாதது. 2024இல் கோல்டன் டீமன் போட்டியில் பொற்பரிசு பெற்ற படைப்பொன்றின் பின்திரையில், செயற்கை நுண்ணறிவால் ஆக்கிய படம் அமைந்திருந்தமை பற்றிப் பெருவழக்கு எழுந்தது. அதன் பின்னரே அத்தகைய படங்களை விலக்கும் விதி சேர்க்கப்பட்டது. எது கைவினை, எது கைவினையன்று என்பதைப் போட்டி முடிந்தபின் வரையறுத்தல், பரிசு பெற்றார்க்கும் பெறாதார்க்கும் ஒருங்கே வருத்தந் தருவதாகும். மற்றொன்று: பெயரை மறைத்து எண்ணிட்டாலும், ஒருவர் கையின் போக்கை அக்கலையில் வல்லார் எளிதில் அறிவர். நடுவர் பலர் இக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியருமாவர். ஆகவே தம் மாணவர் படைப்பு வரும்போது நடுவர் தாமே விலகி நிற்பது முறை. பட்சபாதம் இல்லாதிருத்தல் மட்டும் போதாது. அஃது இல்லையென்று காண்போர்க்கும் தோன்றுதல் வேண்டும்.

இவை யாவற்றினும் முதன்மையாக நாம் வேண்டுவது ஒன்று உண்டு. தீர்ப்போடு காரணமும் அளிக்கப்படல் வேண்டும். கவச ஊர்திகளின் மாதிரி செய்வோர் அமெரிக்காவில் நடத்தும் கழகம் ஒன்று, தரமுறையைக் கைக்கொண்டதோடு நில்லாது, நடுவர் குறிப்புகள் எழுதிய தாளைப் படைத்தோர்க்கே திருப்பித் தருகிறது. நூற்றுக்கணக்கான மணிநேரம் ஓர் உருவத்தின்மேல் குனிந்திருந்தவர்க்கு, 'உனக்கு இடமில்லை' என்னும் மௌனத்தைவிட, 'நிழல் நன்று. முகத்தில் ஒளி போதாது' என்னும் ஒரு வரி எத்துணைப் பெரிய பரிசு! பதக்கம் பேழையில் உறங்கும். அந்த ஒரு வரி அடுத்த உருவத்தில் விழித்தெழும். படைப்புகள் மிகப் பலவாதலின் எழுத நேரமில்லை என்பர். நேரம் உள்ள அளவுக்கே படைப்புகளை ஏற்பது அதற்கு நேரிய வழி.

தலைசிறந்த ஒன்றுக்குத் தனிச்சிறப்புச் செய்தலை நாம் மறுக்கவில்லை. உலக மாதிரிக் காட்சியும் பதக்கங்களைத் தரமுறையால் வழங்கிவிட்டு, முடிவில் காட்சியின் தலைப்படைப்பைத் தேர்ந்து பாராட்டுகிறது. இரண்டையும் இணைத்த இவ்வொழுங்கே எம் கருத்துக்கு உகந்தது. சிகரம் ஒன்றே இருக்கலாம். ஆயினும் மலையேறியவர் ஒவ்வொருவர்க்கும் தாம் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதை அறிந்துகொள்ளும் உரிமை உண்டு. போட்டி நடத்துவோர் அவ்வளவைச் சொல்லும் கடப்பாடுடையர். நம் கல்லூரியில் நடக்கும் பேச்சு, கட்டுரை, ஓவியம் முதலிய போட்டிகளுக்கு நடுவராக அமரும் ஆசிரியர்களும், அவற்றில் தோற்று மீளும் மாணவர்களும் இதனைச் சிந்திப்பாராக.