பயறு முளைத்துவிட்டது, அப்புறம்?

பிள்ளை தன் கையால் செய்துவிட்டால் பாடம் தானாகப் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையை நம் பள்ளிகளில் யாரும் கேள்வி கேட்பதில்லை. செய்முறை நடந்ததா, படம் எடுத்தாயிற்றா, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்றா, அறிவியல் வகுப்பு முடிந்தது. செயல்வழிக் கற்றலுக்கு நான் எதிரியல்ல. ஒளிச்சேர்க்கைக்கு வரையறை ஒப்பித்த காலம் திரும்பவே வேண்டாம். கையோடு நின்றுபோகும் செயலோடுதான் என் சண்டை.

ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு போடுவதையே பாருங்கள். முளை வந்ததும் கைதட்டல். மண் இல்லை, உரம் இல்லை, ஆனாலும் வளர்கிறது. ஆகவே செடிக்குத் தண்ணீர் போதும் என்று பிள்ளை முடிவுகட்டுகிறது. இருட்டு அலமாரியில் வைத்த முளை இன்னும் நெட்டையாக வளர்ந்திருக்கும். வெளிச்சமும் வேண்டாம் போலிருக்கிறதே! கண்ணால் கண்டதை வைத்துப் பார்த்தால் பிள்ளை சொல்வதில் தப்பே இல்லை. வித்திலைகளில் இருந்த சேமிப்பைக் கரைத்துத்தான் முளை நீள்கிறது என்பதைப் பஞ்சு காட்டிக்கொடுக்காது.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் பிறந்த வான் ஹெல்மான்ட், காயவைத்து நிறுத்த 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டானது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்று கண்டது சரி. அத்தனையும் தண்ணீரே என்று முடித்ததுதான் தவறு. அவர் இறந்தபின் 1648இல் வெளியான நூலில் இது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கரி எரியும்போது வரும் வாயுவை ஆராய்ந்தவரும் அவரே. காய்ந்த மரத்தின் எடையில் பெரும்பகுதி அந்த வாயுவிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அவரிடம் தராசாவது இருந்தது. நம் வகுப்பில் அதுவும் கிடையாது. காய்ந்த பயறு 50 கிராம் நிறுத்து, துணியில் கட்டி, ஒரு வாரம் இருட்டில் முளைக்க விடுங்கள். பிறகு ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து மறுபடி நிறுங்கள். நிறுக்கும் முன் கூடுமா, குறையுமா என்று ஒவ்வொரு பிள்ளையும் காரணத்தோடு நோட்டில் எழுதிவிட வேண்டும். இந்தப் படிதான் உயிர்நாடி. இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். பலர் கூடும் என்று எழுதுவார்கள், டீச்சர் உட்பட. எடை குறைந்திருக்கும். அவ்வளவு நீளம் வளர்ந்தும் குறைவானேன்? முளையும் மூச்சுவிடுகிறது, சேமிப்பில் ஒரு பங்கு கரியமில வாயுவாக வெளியே போய்விட்டது. அடுத்து, வெயிலில் சில வாரம் வளர்ந்த ஒரு செடியைக் காயவைத்து நிறுத்தால், அது முளைத்த விதையின் எடையை எங்கோ தாண்டியிருக்கும். கூடியது எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து என்றால் எந்தப் பிள்ளையும் உடனே நம்பாது. அங்கே சண்டை வரட்டும். பாடம் அந்தச் சண்டையில்தான் தொடங்குகிறது.

இதற்கெல்லாம் நேரம் ஏது, சிலபஸை யார் முடிப்பது என்பார்கள். செம்பருத்தியைப் பிய்த்துச் சார்ட்டில் ஒட்டிக் கலர் பேனாவால் பெயரெழுத மட்டும் நேரம் கிடைக்கிறதே. அந்தச் சார்ட்டிலும் பாதி, ராத்திரி உட்கார்ந்து அம்மாக்கள் செய்த கைவேலை.